துடைப்பம் நுழையும் இடைவெளி

"வர்றேன்மா" என்றாள் மகள். போன வாரம் நாம் கேட்டது அவ்வளவுதான். தொலைபேசியில் அதற்கு மேல் அவள் ஒன்றும் பேசவில்லை. அம்மா அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க மனக்கோட்டை கட்டினாள். வருகிறாள் என்றால் சாப்பிட வருகிறாள். சாப்பிட வருகிறாள் என்றால் பெரிய மேசையில் உட்காரப் போகிறாள். பெரிய மேசையில் உட்காரப் போகிறாள் என்றால் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடப் போகிறாள். மகள் சொல்லாமல் விட்டதை எல்லாம் தாய் தானே சொல்லி, தானே கேட்டு, தானே பூரித்துப்போனாள்.

அந்த வாக்கியம் என்ன என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நடுவில் ஏறியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

மகள் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் வேலை. போன வருஷம் ஒரு மத்தியானம் வேற்று மதத்துப் பெரியவர் ஒருவர் அவள் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தார். உயிர் பிரிகிற நேரத்தில் காதில் சொல்ல வேண்டிய ஜெபம் ஒன்று அவர்கள் முறையில் உண்டு. பெரியவருக்குக் காது மந்தம். மனைவிக்கோ அழுது அழுது குரல் எழும்பவில்லை. "நீ சொல்லும்மா" என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முணுமுணுப்பாக எடுத்துக் கொடுக்க, மகள் குனிந்து அந்தக் காதுக்குள் ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொன்னாள்.

திரைக்கு அந்தப் பக்கம் கணக்கு வாத்தியார் நின்றிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; கறாரிலிருந்து ஓய்வு பெறாதவர். மகள் போகும் கிறிஸ்தவச் சபையில் அவர் ஒரு மூப்பர், அதாவது சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவர். அடுத்த கட்டிலில் கிடந்த தன் அண்ணனைப் பார்க்க வந்தவர், முழுவதையும் கேட்டார்.

சின்னச் சபை அது. எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள், எல்லோரும் எல்லோரையும் கவனிப்பவர்கள். மூப்பர்கள் மகளைக் கூப்பிட்டு, "நான் செய்தது பாவம் என்று சொல், போதும்" என்றார்கள். அந்த வாக்கியம் இதுதான். அவள் அதைச் சொல்லவில்லை.

"அந்த நேரத்துல இயேசு அங்க இருந்தார். எனக்குத் தெரிஞ்சுது. இல்லேன்னு நான் எப்படிச் சொல்றது?"

மூப்பர்களில் மூத்தவர் அவளுடைய அப்பா; இனி மூப்பர் என்றால் அவர்தான். தன் மகள் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, சபையிலிருந்து அவளை நீக்கும் தீர்மானத்தை அவரே எழுந்து நின்று வாசித்தார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை என்று சபையார் மெச்சினார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றத் தோன்றாமல் வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை அம்மா மட்டும்தான் பார்த்தாள்.

சபையின் வழக்கப்படி, நீக்கப்பட்டவரோடு சபையில் இருப்பவர்கள் ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. சொந்தம், பந்தம் எதற்கும் விலக்கு இல்லை. ஆகவே மகளுக்கென்று ஒரு சின்ன மேசை சாப்பாட்டு அறைக்கு வந்தது. அம்மா அதைப் பெரிய மேசையோடு ஒட்டிப் போட்டாள். வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒட்டியிருந்தா அது ஒரே மேசைதானே சிஸ்டர்? நடுவுல ஒரு துடைப்பமாவது போகணும்" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் துடைப்பம் நுழையும் இடைவெளி ஒன்று இருந்தது. உப்பை மேசை விட்டு மேசை கொடுக்கலாமா கூடாதா என்று யாரையும் கேட்கப் பயந்துபோய், அம்மா இரண்டாவதாக ஒரு உப்பு டப்பாவும் வாங்கி வைத்தாள்.

மகள் சில வாரங்கள் வந்து அப்படியே சாப்பிட்டுப் போனாள். பிறகு "வார்டுல ஆள் இல்லம்மா" என்றாள். பிறகு அதையும் சொல்வதில்லை.

இன்று சனிக்கிழமை. மத்தியானம் அவள் வரவேண்டும், சாப்பிட்ட பிறகு அப்பாவும் வாத்தியாரும் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைக் கேட்க வேண்டும், நாளை ஞாயிறு, இயேசுவின் நினைவாகச் சபையார் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொள்ளும் அப்பம் பிட்கும் ஆராதனையில் அவள் மறுபடி எல்லோரோடும் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லாம் பேசி முடித்தாயிற்று, மகளிடம் தவிர.

விடிந்ததும் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சின்ன மேசையைச் சுவரோரம் தள்ளி அதன் மேல் ஒரு பூந்தொட்டியைத் தூக்கி வைத்தாள்.

மூப்பர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்து பார்த்தார்.

"அதை ஏன் அங்க தள்ளுற?"

"இனிமே எதுக்குங்க அது? இடத்தை அடைச்சுக்கிட்டு."

"அவ முதல்ல சொல்லட்டும்."

"சொல்லுவா."

"சொல்றேன்னு உங்கிட்ட சொன்னாளா?"

"வர்றேன்னு சொன்னா."

மூப்பர் கடைசிப் பொத்தானைப் போட்டார்.

"கோழியை வறுக்கவா, வேக வைக்கவா?" என்று அம்மா பேச்சை மாற்றினாள்.

"எதுவா இருந்தா என்ன?"

"உங்ககிட்ட போய் கேட்டேன் பாருங்க. பல்லு கட்டுறவருக்குக் கடிக்கிற கவலை. ருசி எங்க தெரியப்போகுது?"

அவர் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. உடனே இருவருக்கும் கூச்சமாகிவிட்டது.

அம்மாவிடம் சொல்லாத ஒன்று அவரிடம் உண்டு. தினமும் விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போடுகிறவர், சபைக்காக, உலகத்துக்காக, நோயாளிகளுக்காக எல்லாம் வேண்டி முடித்த பிறகு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார். "ஆண்டவரே, எம் பொண்ணு எம் மேசையில, எம் பக்கத்துல உட்கார்ந்து வயிறார சாப்பிடணும். அதை நான் கண்ணால பார்க்கணும்." இதே சொற்கள்தான். நீக்கத்தை வாசித்தவருக்கு இதைக் கேட்க உரிமை உண்டா என்று அவருக்கே சந்தேகம். அதனால்தான் குரல் தாழும்.

மூப்பருக்குத் தொழில் பல் செட் கட்டுவது. டாக்டர் அளவெடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் பதித்து, கடைசியில் இளஞ்சிவப்பு ஈறோடு முழு வாயையும் கையில் எடுத்துக் கொடுப்பார். மாட்டிப் பார்த்து, உறுத்தினால் தேய்த்துச் சரிசெய்வதும் அவரே. ஊரில் பாதிப்பேர் அவர் கட்டிய பல்லால்தான் சாப்பிடுகிறார்கள். அந்தப் பாதியில் எல்லா மதமும் உண்டு. ஈறைப் பார்த்து மதம் சொல்ல அவருக்கு இன்னும் தெரியவில்லை.

அன்று காலை பல் வாங்க வந்தது ஒரு வயதான அம்மாள். பச்சைச் சால்வையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். சால்வையிலும் கழுத்து மாலையிலும் வேற்று மதம் என்று பார்த்த உடனே தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போய், பேச்சு பாதிக்கு மேல் காற்றாகத்தான் வந்தது.

அவர் பல் செட்டை ஈரத்தோடு மாட்டிவிட்டார். மை தடவிய நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார். மை எங்கே அதிகமாகப் பிடித்ததோ அங்கே இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். மறுபடி கடிக்கச் சொன்னார்.

"இப்ப பேசுங்கம்மா."

"என்னத்தப் பேசுறது?"

இங்கே மூப்பரின் வேலைமுறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதுப் பல்லில் மனிதர்கள் கூச்சப்பட்டு, வார்த்தையைப் பொறுக்கிப் பேசுவார்கள். அதைக் கேட்டு எந்தப் பல் இடிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் நன்றாக மனப்பாடமான எதையாவது சொல்லச் சொல்வார். வாய்ப்பாடு சொன்னவர்கள் உண்டு. பள்ளிக்கூடப் பாட்டைப் பாடியவர்கள் உண்டு. கூட்டாளியைத் திட்டித் தீர்த்தவர் ஒருவர் கூட உண்டு. அவருக்குப் பல் அமைந்த மாதிரி யாருக்கும் அமைந்ததில்லை.

"தினமும் வாயில வர்றது எதுவா இருந்தாலும் சொல்லுங்க. யோசிக்காம சொல்லணும், அதான் முக்கியம்."

"தினமும்னா... நான் சாமிகிட்ட வேண்டிக்கிறதுதான்."

மூப்பர் ஒரு கணம் தயங்கினார். வேறொரு சமயமாக இருந்தால் "வேண்டாம்மா, எண்ணுங்க போதும்" என்றிருப்பார். ஆனால் நேரமாகிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போக வேண்டும்.

"சரி, அதையே சொல்லுங்க."

அந்த அம்மாள் கண்ணை மூடினாள். மூப்பர் காதைக் கிட்டே கொண்டுபோனார். தெய்வத்தின் பெயர் வந்தது. அது அவர் காதில் விழுந்தது, ஆனால் அவர் கேட்டது "ச" எப்படி வருகிறது என்பதை. புருஷனின் ஆத்துமாவுக்காக வேண்டினாள். "ஷ" கொஞ்சம் விசிலடித்தது. முன் பல்லில் ஒரு இழை தேய்க்க வேண்டும். மகனுக்காக, மருமகளுக்காக, முழங்கால் வலிக்காக வேண்டினாள்.

"அப்புறம் அந்த ஆஸ்பத்திரிப் பாப்பா, அவங்க அப்பா மேசையில, அவர் பக்கத்துல உட்கார்ந்து வயிறார சாப்பிடணும் சாமி. அதை அவர் கண்ணால பார்க்கணும்."

மூப்பரின் கையிலிருந்த நீலத் தாள் கீழே விழுந்தது.

"எப்படி? விசில் வருதா?" என்று கண்ணைத் திறந்தாள் அவள்.

"கடைசியா... என்ன சொன்னீங்க?"

"சரியா வரலியா? மறுபடி சொல்லவா?"

"யாருக்காக வேண்டினீங்க?"

அவள் அவரை வியப்பாகப் பார்த்தாள். "உங்க பொண்ணுக்குத்தான். அவதானே என்னை இங்க அனுப்பினா! அந்தக் கடையிலயே போய்க் கட்டுங்க, எங்க அப்பா மாதிரி யாரும் கட்டமாட்டாங்கன்னா. என் வீட்டுக்காரர் போன அன்னிக்கு அவ மட்டும் இல்லேன்னா, அவர் ஒரு நல்ல வார்த்தை காதுல விழாமலே போயிருப்பார், தம்பி."

அவர் உட்காரும் முக்காலியைத் தேடினார். அது பக்கத்தில்தான் இருந்தது.

"அப்புறமா ஒருநாள் போய்ப் பார்த்தேன். எனக்கு இவ்வளவு செஞ்சியே, உனக்காக நான் என்ன வேண்டிக்கணும், சொல்லுன்னேன். வீடு, கல்யாணம், ஏதாவது கேப்பான்னு நினைச்சேன். அப்பா மேசையில, அப்பா பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடணும்னா. அவ்வளவுதானான்னேன். அவ்வளவுதான்னா. அன்னியிலேருந்து ஒருநாள் விட்டதில்ல."

"எதுக்கு அப்படின்னு கேக்கலியா?"

"கேக்காம? உங்களுக்கு ஏதோ வியாதின்னா. அதான் தனி மேசைன்னா." அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். புதுப் பல்லோடு முகம் நிறைந்து சிரித்தாள். "பார்க்க நல்லாத்தான் இருக்கீங்க தம்பி. குணமாயிடுச்சா?"

மூப்பருக்கு வாழ்க்கையில் யாரும் இவ்வளவு அன்பாக இவ்வளவு பெரிய அடி அடித்ததில்லை. முன் பல்லைத் தேய்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, பல் செட்டைக் கழற்றச் சொல்லி, முதுகைத் திருப்பிக்கொண்டு இயந்திரத்தைப் போட்டார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அது ஓடிக்கொண்டிருந்தது.

மகள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் அவளைச் சபை முழுக்கக் கேட்க நீக்கினார். அவளோ யாரோ ஒரு வேற்று மனுஷியிடம் கூட, எங்க அப்பா என்னை நீக்கினார் என்று சொல்லாமல், பாவம், அவருக்கு வியாதி என்று சொல்லியிருக்கிறாள்.

ஆனால் அவரைக் கலக்கியது அது மட்டும் இல்லை. அந்தச் சொற்கள். கதவைச் சாத்திக்கொண்டு அவர் கேட்டது. ஆண்டவருக்கும் அவருக்கும் நடுவில் மட்டும் இருப்பதாக அவர் நினைத்தது. அதை அதே ஏக்கத்தோடு ஒருத்தி வேறொரு பெயரைச் சொல்லி, தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேண்டியது யாரிடம், அதைக் காதில் வாங்கியது யார்? இத்தனை வருஷம் வேதம் வாசித்தவருக்கு இதற்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள அவருக்குப் பயமாக இருந்தது. பயத்தோடு, எதற்கென்றே புரியாத ஒரு சந்தோஷமும் இருந்தது.

மகள் வேலை முடித்துச் சீருடையோடு வந்தாள். இளைத்திருந்தாள். "இளைச்சுட்டியேடி" என்று அம்மா எல்லாத் தாய்களையும் போல ஆரம்பித்து, எல்லாத் தாய்களையும் போல அழுகையில் முடித்தாள். மகள் அவளைக் கட்டிக்கொண்டு, தலைமுடியில் முகம் புதைத்து, அப்படியே நின்றாள்.

"வெங்காய வாசனை வருது உம்மேல."

"கோழிக்கு நறுக்கினேன். உட்காரு, உட்காரு."

பெரிய மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. தன் நாற்காலியின் முன்னால் தன் தட்டு இருப்பதை மகள் பார்த்தாள். சுவரோரம் பூந்தொட்டி சுமந்து நின்ற சின்ன மேசையையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா. நான் ஒண்ணும் சொல்றேன்னு சொல்லலியே."

"வந்துட்டியே. அது போதும். மத்ததெல்லாம் அப்பாவும் வாத்தியாரும்..."

"வாத்தியாரும் வர்றாரா?"

கேட்டு வாய் மூடவில்லை, அழைப்பு மணி அடித்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வர வேண்டியவர், நேரம் தவறாதவர் என்ற பெயரைக் காப்பாற்ற எப்போதும் முன்னாலேயே வந்துவிடுவார். அவருக்குப் பின்னாலேயே மூப்பரும் படியேறி வந்தார். சட்டைக் கையில் பிளாஸ்டர் தூள் அப்படியே இருந்தது. கடையிலிருந்து கழுவாமல் அவர் வந்ததை அம்மா அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தாள்.

வாத்தியார் வாசலில் நின்றபடியே மேசையைப் பார்த்தார். மூன்று தட்டுகளையும் பார்த்தார்.

"சந்தோஷம். ஆனா முதல்ல அதைச் சொல்லிட்டு அப்புறம் உட்காரட்டும். வரிசை மாறக் கூடாது" என்றார். குரலில் கடுமை இல்லை. மகளைப் பார்த்து, "ஒரே வாக்கியம்தாம்மா. நாளைக்கு எங்களோட நீ உட்காருறதைப் பார்க்க எனக்கும்தான் ஆசை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சொல்லிடு, சொல்லிடு என்று அந்த முகம் முழுக்க எழுதியிருந்தது.

"எனக்கும் ஆசைதான் அங்கிள். ராத்திரி டூட்டில ரொட்டியைப் பிச்சு வாயில போடுறப்பல்லாம் ஞாயித்துக்கிழமைதான் ஞாபகம் வரும். அந்த இடத்துல உட்கார்ந்து அந்த அப்பத்தைத் தொட மாட்டோமான்னு இருக்கும்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆனா பொய் சொல்லிட்டு அதைத் தொட முடியாது. அன்னிக்கு அவர் அங்க இருந்தார்."

மகளே போய்ப் பூந்தொட்டியை இறக்கினாள். சின்ன மேசையை இழுத்து வந்தாள். பெரிய மேசையின் பக்கத்தில் நிறுத்தி, குனிந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் தள்ளினாள். வாத்தியாரே அளந்தாலும் அவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அந்தத் தட்டு இருந்த இடத்தை அம்மா கையால் துடைத்தாள்.

மூப்பர் கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். பெரிய மேசைக்கு வந்தார். தன் தட்டை ஒரு கையிலும் நாற்காலியை ஒரு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு போய், சின்ன மேசையில், மகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இரண்டு தட்டுக்கு அந்த மேசையில் இடம் போதவில்லை. ஒன்றின் விளிம்பு மற்றதன் மேல் ஏறிக்கொண்டது.

"அப்பா!" என்றாள் மகள்.

"பிரதர், என்ன பண்றீங்கன்னு தெரிஞ்சுதான் பண்றீங்களா?" என்றார் வாத்தியார்.

"தெரியும். அந்தத் தீர்மானத்தை வாசிச்சதே நான்தானே."

"அப்படின்னா நாளைக்கு உங்களையும்..."

"வாசிச்சுடுங்க. குரல் நடுங்காம வாசிங்க, சபைக்கு அது பிடிக்கும்." பிறகு அவருக்கே அது வருத்தமாகிவிட்டது. "மன்னிச்சுடுங்க பிரதர். இன்னிக்கு ஒருத்தங்க ஜெபிக்கிறதைக் கேட்டேன். வேற பேர் சொல்லித்தான் ஜெபிச்சாங்க. ஆனா வார்த்தை எல்லாம் என்னோடது. காலையில நான் முழங்கால் போட்டுக் கேக்குறது. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"பிசாசுக்கும் நல்ல வார்த்தை தெரியும் பிரதர்."

"தெரியும். ஆனா எம் பொண்ணு எம் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடணும்னு அவன் வேண்டிக்க மாட்டான்."

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு சொட்டாகக் கண்ணீர் தட்டிலேயே விழுந்தது.

"எனக்கு வியாதின்னு சொன்னியாமே?" என்றார் அப்பா மெதுவாக.

"வேற என்னப்பா சொல்றது?"

"சரியாத்தான் சொல்லியிருக்க."

வாத்தியார் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். கறாரான மனிதரின் முகம் திடீரென்று வயதாகிப்போனதை அம்மா பார்த்தாள்.

"எங்க அண்ணன் அந்த ஆஸ்பத்திரியில கிடந்தாரே. அவரும் நீக்கப்பட்டவர்தான். தினமும் போய்ப் பார்த்தேன். தினமும் அவர் தன் தட்டுலேருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்து நீட்டுவார். ஒருநாள் கூட நான் வாங்கல. கடைசி வரைக்கும் வாங்கல." அவர் மூப்பரை நேராகப் பார்த்தார். "இந்த வழக்கமே தப்புன்னு நீங்க இன்னிக்கு வசதியா எழுந்து போய் உட்கார்ந்துட்டா, அப்ப நான் எங்க அண்ணனுக்குச் செஞ்சது என்ன பிரதர்?"

மூப்பர் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர். நீங்க எங்க உட்காருவீங்கன்னு பார்த்துட்டு நான் போறேன். நாளைக்குச் சபையில சொல்லியாகணும்."

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. மூப்பர் அந்தப் பக்கம் போய்விட்டார். வழக்கப்படி இனி அவரோடும் ஒரே மேசையில் உட்காரக் கூடாது. ஏழெட்டுப் பேர் உட்காரக்கூடிய மேசை ஒரு பக்கம், அதில் அம்மாவின் தட்டு ஒன்று மட்டும். கோழி இருந்த பாத்திரத்தைப் பிடித்தபடி அவள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"வா. இப்படி வந்து உட்காரு" என்றார் மூப்பர். "நாற்காலியை நான் எடுத்துப் போடுறேன்."

நீங்களும் நானும் என்ன நினைத்தோம்? மகளுக்காக இத்தனை மாதம் உருகியவள், பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய் உட்காருவாள் என்றுதானே? கறாரான மனுஷனே போய்விட்டார், இளகிய மனுஷிக்கு என்ன தடை? அவளைக் கொஞ்சமும் புரிந்துகொள்ளாமல்தான் இத்தனை வாரம் அவளோடு இருந்திருக்கிறோம்.

அம்மா நகரவில்லை.

"நாளைக்கு அப்பம் கைமாறி கைமாறி வருமே" என்றாள். "என் வரிசைக்கு வர்றப்ப நான் அங்க இருக்க மாட்டேனா?"

"வீட்டுலயே நாம அப்பம்..." என்று ஆரம்பித்தார் மூப்பர்.

"வீட்டு அப்பம் சபை அப்பமாகாதுங்க. உங்களுக்குத் தெரியும்." மகளைப் பார்த்தாள். "உன்னை உள்ள கூப்பிடத்தானேடி நான் இத்தனை நாள் அழுதேன். இப்ப என்னை வெளிய வரச் சொல்றீங்களே ரெண்டு பேரும்."

"அம்மா, வேண்டாம். நீ அங்கயே இரும்மா. எனக்குப் புரியுது" என்று எழுந்தாள் மகள்.

"உட்காரு. நீ எழுந்திருக்காதே. சாப்பிட வந்தவ."

அவள் சின்ன மேசைக்கு வந்து, முதலில் மகளுக்கும் பிறகு கணவருக்கும் பரிமாறினாள். நல்ல துண்டுகளாகப் பார்த்துப் போட்டாள். பரிமாறுவதை எந்த வழக்கமும் தடுக்கவில்லை. பிறகு பெரிய மேசைக்குத் திரும்பி வந்து, தன் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். கையைக் குவித்தாள். தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த வீட்டில் சாப்பாட்டு ஜெபத்தை மூப்பர்தான் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவர் ஆமென் சொல்லாமல் அவள் ஒரு பருக்கை தொட்டதில்லை. அவருக்கு வாய் வரை வந்தது. நின்றுவிட்டது. நீக்கப்படப் போகிறவர், சபையில் இருப்பவளின் மேசைக்காக ஜெபம் சொல்லலாமா? இன்று காலை வரை அவரைக் கேட்டிருந்தால் கூடாது என்று அவரே தீர்ப்புச் சொல்லியிருப்பார்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. தட்டில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. மகள் அப்பாவின் முழங்கையைத் தொட்டாள்.

வாசலில் நின்ற வாத்தியாரால் தாங்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"நான் ஜெபிக்கட்டுமா சிஸ்டர்?" என்றார். உண்மையான இரக்கத்தோடுதான் கேட்டார்.

"வேண்டாம் பிரதர்" என்றாள் அம்மா, மூடிய கண்ணோடு. "அவர் சொல்லட்டும். எவ்வளவு நேரமானாலும் சரி, நான் இங்கேயே இருந்து கேட்டுக்கிறேன்."